அப்பாவின் டீசல் கேன்கள்

ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒருநாள் என் கணக்கு நோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "உன் நோட்டுல பஸ் ஸ்டாண்டு வாசனை வருதுடி" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆச்சர்யம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து நோட்டு, பாவாடை, தலையணை, அம்மாவின் புடவை எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தேன். எதிலுமே எந்த வாசனையும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து டீசலோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவளுக்கு டீசல் வாசனை எப்படித் தெரியும்?

எங்கள் வீடு முதலியார்பேட்டையில், அந்த நாளில் ரோடியர் மில் சங்கு கேட்ட தூரத்தில் இருக்கிறது. ஏ.எஃப்.டி மில்லை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் ரோடியர் மில் என்றுதான் சொல்வார்கள். தாத்தா அங்கே நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். அப்பா மில்லுக்குப் போகவில்லை. மைக் செட், சீரியல் பல்பு, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடும் சவுண்ட் சர்வீஸ் வைத்தார். காதுகுத்து, கல்யாணம், ஆடி மாதக் கூழ் வார்த்தல், மாசி மகம் என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். வண்டியோடு பொருத்திய பெரிய ஜெனரேட்டர் 25 கேவிஏ. பாதி லோடில் ஓடினாலே மணிக்கு நாலு லிட்டர் குடிக்கும். சின்னது 5 கேவிஏ. ஒரு கல்யாணத்துக்கு அறுபது லிட்டர் வாங்கிப் போனால் இருபது மிச்சமாகித் திரும்பி வரும். அந்த மிச்சம்தான் எங்கள் வீட்டு டீசலின் ஆரம்பம்.

வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. இந்தப் பக்கச் சுவரும் பொது, அந்தப் பக்கச் சுவரும் பொது. முன்னால் திண்ணை, அப்புறம் கூடம், சமையல்கட்டு, அதற்கும் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட தாழ்வாரம். தாழ்வாரத்தில் துணி துவைக்கும் கல், ஸ்பீக்கர் பெட்டிகள், வயர் சுருள்கள், மாற்று கேஸ் சிலிண்டர், அதை ஒட்டி வரிசையாக 35 லிட்டர் கேன்கள். கேன் மூடி லூஸாக இருந்தால் கேரி பேக்கைக் கிழித்து வாயில் வைத்து, அதன் மேல் மூடியை முறுக்குவார் அப்பா. நம் ஊரில் யார்தான் அப்படிச் செய்வதில்லை?

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் எங்களுக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மறக்காமல் இருப்பது காற்றின் சத்தம் அல்ல, அது நின்ற பிறகு வந்த இருட்டு. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவுக்கு எட்டாவது நாள்தான் கரன்ட் வந்தது. கரன்ட் இல்லாத ஊரில் பெட்ரோல் பங்க்கும் ஓடாது, அங்கேயும் மோட்டார்தானே டீசலை மேலே இழுக்கிறது. ஜெனரேட்டர் இருந்த ஒன்றிரண்டு பங்க்குகளில் கூட்டம் நெரிந்தது.

அந்த வாரம் அப்பா தெருவுக்கே நாயகனாகிவிட்டார். சின்ன ஜெனரேட்டரைத் திண்ணையில் வைத்து, காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓட்டினார். பதினோரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகள் அதில் நிரம்பின. செல்போன்கள் கொத்துக் கொத்தாகச் சார்ஜ் ஏறின. பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு ஆஸ்துமா. ராத்திரியில் நெபுலைசர் வைத்தால்தான் அவருக்குத் தூக்கம். அவருக்காகவே பத்து மணிக்கு மேல் இன்னும் ஒரு அரை மணி நேரம் ஓட்டுவார் அப்பா. கையில் இருந்தது நாற்பது லிட்டர். ஐந்தாம் நாள் ராத்திரி அது தீர்ந்துவிட்டது. பெரியப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், அவரை ஒரு மீன்பாடி வண்டியில் உட்கார வைத்து, விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் நன்றாகவே இருந்தார்.

ஆனால், அப்பா அந்த ராத்திரியை விட்டு வெளியே வரவே இல்லை. "இன்னும் அஞ்சு லிட்டர் இருந்திருந்தா போதும்" என்று அதற்குப் பிறகு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. அந்த அஞ்சு லிட்டர்தான் பிறகு ஐம்பதானது, நூறானது, ஒருகட்டத்தில் இருநூறும் ஆனது.

சும்மா பயத்தில் மட்டும் வாங்கினார் என்று சொன்னால் அது அப்பாவைப் பற்றிய பாதி உண்மைதான். மீதிப் பாதி விலை. எங்கள் ஊரில் வரி குறைவு என்பதால் டீசல் எப்போதுமே தமிழ்நாட்டைவிட மலிவு. கடலூர், விழுப்புரத்திலிருந்து எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் ஒன்று பாட்டில் வாங்க வருவார்கள், இல்லாவிட்டால் டேங்க் நிரப்ப வருவார்கள் என்பது பழைய கிண்டல். 2021 தீபாவளிக்கு முந்தைய நாள் மத்திய அரசு டீசலுக்கு 10 ரூபாய் கலால் வரியைக் குறைத்தது. எங்கள் அரசும் தன் பங்குக்கு 7 ரூபாய் குறைத்தது. அன்றைக்கு அப்பா பட்டாசு வாங்கிய சந்தோஷத்தைவிட கேன் நிரப்பிய சந்தோஷம்தான் அதிகம். பண்ருட்டிப் பக்கம் டிராக்டர் வைத்திருக்கும் சித்தப்பா வரும்போதெல்லாம், "ஒரு கேன் இருந்தா குடுங்கண்ணா" என்பார். அப்பாவும் கொடுப்பார்.

2009-ல் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். கேனிலிருந்து ஜெனரேட்டர் டேங்குக்கு மாற்ற அப்பா ஒரு பச்சை டியூப் வைத்திருந்தார். ஒரு முனை கேனுக்குள், மறு முனை வாயில். ஒரு உறிஞ்சு உறிஞ்சி, டீசல் வரும்போது சட்டென்று டியூபைக் கீழே இறக்கிவிடுவார். ஆயிரம் முறை செய்த வேலை. ஒருநாள் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பிய நொடியில் ஒரு மடக்கு தொண்டைக்குள் போய்விட்டது. போனது வயிற்றுக்கு என்றுதான் நாங்கள் நினைத்தோம். பாட்டி உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கப் பார்த்தார். அம்மா தடுத்து ஆட்டோ பிடித்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது. டீசலோ மண்ணெண்ணெயோ வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலுக்குள் இறங்கினால்தான் ஆபத்து. வாந்தி எடுக்க வைத்தால் மேலே வரும்போது கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் டீசல் குடித்தவரை ஒருபோதும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அப்பா நாலு நாள் இருமிக்கொண்டே படுத்திருந்தார். திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கையால் அழுத்தும் பம்ப் ஒன்று வாங்கினார். டீசலை விடவில்லை.

பத்திரிகைத் துறை டிப்ளமோ முடித்து நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்தேன். அங்கே ஆரம்ப காலத்தில் என் கையில் அதிகம் வந்து விழுந்தவை இலங்கைச் செய்திகள். 2022. பெட்ரோல் பங்க் வாசலில் நாள்கணக்கில் வரிசை. கேன்களில் எரிபொருள் கொடுக்கத் தடை. ஜூன் கடைசியில் தனியார் வாகனங்களுக்கு விற்பனையே நிறுத்தம். அப்புறம் ஜூலையில் கியூஆர் கோடு அட்டை, அதில் பைக்குக்கு வாரம் நாலு லிட்டர், ஆட்டோவுக்கு ஐந்து லிட்டர். கிடைத்ததைக் கிடைத்த பாத்திரத்தில் வீட்டுக்குள் சேர்த்து வைத்தவர்களின் கதைகளையும் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு எங்கள் தாழ்வாரம்தான் ஞாபகம் வந்தது. போன் செய்து அப்பாவிடம் சொன்னேன், பயந்து கேன்களை எடுத்துவிடுவார் என்ற நம்பிக்கையில்.

"பாத்தியா பாப்பா! இருக்கும்போதே வாங்கி வைக்கணும்னு நான் சொன்னேன்ல" என்றார்.

சரி, சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று தேட ஆரம்பித்தேன். இருநூறு லிட்டர் டீசலை வீட்டில் வைத்திருப்பவரைச் சட்டம் சும்மா விடுமா என்று நினைத்தேன். விட்டுவிடுகிறது. 1934-ம் ஆண்டு பெட்ரோலியம் சட்டம்தான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. (அது வந்தபோது எங்கள் தெரு பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1954-ல் கை மாறிய பிறகு வந்து சேர்ந்த சட்டங்களில் அதுவும் ஒன்று.) எந்த வெப்பநிலையில் ஒரு எண்ணெயின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதை வைத்து அந்தச் சட்டம் எண்ணெய்களைப் பிரிக்கிறது. 23 டிகிரிக்குக் கீழேயே பற்றுவது ஏ வகுப்பு. பெட்ரோல் அதில் வரும். 23-க்கும் 65-க்கும் இடையில் என்றால் பி வகுப்பு. டீசல் இதில் வரும். விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் வைத்திருக்கலாம், அதுவும் உலோகப் பாத்திரம் என்றால் ஒரு பாத்திரத்தில் 25 லிட்டருக்கு மேல் கூடாது. டீசலுக்கு? ஓர் இடத்தில் 2,500 லிட்டர் வரை உரிமமே தேவையில்லை. ஒரே பாத்திரத்தின் கொள்ளளவு 1,000 லிட்டரைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ரிப்போர்ட்டர் புத்தி விடவில்லை, சொல்லிவிட்டேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னும் 2,300 லிட்டர் பாக்கி இருக்கு" என்று அம்மாவிடம் சத்தமாகச் சொன்னது எனக்கும் கேட்டது. சித்தப்பாவுக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது வேறு கணக்கு, விற்பனை என்று வந்துவிட்டால் அது டீலர்களுக்கு மட்டுமான வேலை என்று சொன்னேன். அது மட்டும் அன்றோடு நின்றது.

ஆனால், அந்தச் சட்டப் பிரிவை இன்னொரு முறை படித்தபோது ஒன்று உறைத்தது. உரிமம் வேண்டாம் என்றுதான் அது சொல்கிறதே தவிர, துணி துவைக்கும் கல்லுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் வைக்கலாம் என்று எங்கேயும் சொல்லவில்லை. கிணற்றடி, களத்துமேடு, காலியிடம் இருக்கிற பண்ணை வீட்டுக்கும், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் இருக்கிற எங்கள் வீட்டுக்கும் ஒரே எண்தான்.

டீசல் பத்தாது என்பது அப்பாவின் நிரந்தர வசனம். எரிகிற தீக்குச்சியை டீசல் இருந்த தகர டப்பாவில் போட்டு அணைத்துக் காட்டுவார். அதைப் பார்த்த குழந்தைகள் தெருவில் பலர் உண்டு, நான் உட்பட. (தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள்.) பெட்ரோலோடு ஒப்பிட்டால் அவர் சொல்வது சரிதான். பெட்ரோல் பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழே இருக்கும்போதே பற்றக்கூடிய ஆவியை விடும். 2012 மார்ச்சில் பிரிட்டனில் டேங்கர் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள் என்ற பேச்சு வந்தபோது, பிரான்சிஸ் மாட் என்ற அமைச்சர் வீட்டில் ஒரு கேன் நிரப்பி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அதே வாரம் யார்க் நகரத்தில் ஒரு பெண் சமையலறையில் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெட்ரோலை மாற்றிக்கொண்டிருந்தபோது, எரிந்துகொண்டிருந்த கேஸ் அடுப்பு ஆவியைப் பிடித்துப் பலமாகச் சுட்டுவிட்டது. டீசலுக்கு அந்த அவசரம் கிடையாது. ஆனால், இந்தியத் தர நிர்ணயப்படி டீசல் பற்றக்கூடிய குறைந்தபட்ச வெப்பநிலை 35 டிகிரி. மே மாதம் புதுச்சேரியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே, மத்தியானம் இரண்டு மணிக்கு எத்தனை டிகிரி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதோடு டீசல் நனைந்த துணி என்பது வேறொன்றும் இல்லை, திரிதான். பழைய வேட்டியைக் கிழித்துக் கேன் துடைக்கும் துணிகள் எங்கள் தாழ்வாரத்துக் கொடியில் எப்போதும் நாலைந்து தொங்கும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 20 லிட்டர் கேன் ஒன்று, வீட்டு கேஸ் சிலிண்டர் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். இருநூறு லிட்டர் என்றால் பதினோரு சிலிண்டர். பதினோரு சிலிண்டர் அடுக்கி வைத்த வீட்டில் அம்மா நிம்மதியாகத் தூங்குவாரா? கேன் என்பதால் தூங்கினார்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் அன்று ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. நான் சென்னையில், விடுதி அறையில் லேப்டாப் வைத்துக்கொண்டு 'லைவ் அப்டேட்ஸ்' போட்டுக்கொண்டிருந்தேன். விமான நிலையம் மூடல், கடற்கரைச் சாலைகள், ரெட் அலர்ட். கரை கடந்ததும் புயல் நகர்ந்துவிடும், வழக்கமாக அப்படித்தான் எழுதுவோம். இது நகரவில்லை. எங்கள் ஊர் மேலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை வரையான இருபத்துநாலு மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்த எண்ணைத் தலைப்பில் தட்டச்சு செய்தது நான்தான்.

அப்பா வியாழக்கிழமையே கேன்களை நிரப்பி வைத்துவிட்டார். நாலு முழுக் கேன், ஒரு அரைக் கேன். பெரிய ஜெனரேட்டர் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்காக ஒரு கல்யாண மண்டபத்தில் நின்றது. சின்னதைத் திண்ணையில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுத் தயாராக வைத்திருந்தார். பதினொரு மணிக்குப் பேசியபோது குரலில் ஒரு உற்சாகமே இருந்தது. "நீ கவலைப்படாத, நமக்கென்ன, எல்லாம் இருக்கு."

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுப் பெரியம்மா மூன்று பேரும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கரன்ட் முன்கூட்டியே நிறுத்தப்பட்டிருந்தது. நள்ளிரவு தாண்டி அப்பா ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்தார். பத்து நிமிடம் ஓடி, இருமி, நின்றுவிட்டது. மறுபடி, மறுபடி. டார்ச் அடித்து ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று சளி மாதிரி ஒன்று. சின்ன ஜெனரேட்டரை இரண்டு வருஷமாக யாரும் தொடவில்லை, டேங்கில் இருந்த டீசலும் அப்போது ஊற்றியதுதான். டீசல் கெடாது என்று நினைக்கிறோம், கெடும். டேங்கின் காலியான பகுதியில் காற்றில் இருக்கும் ஈரம் வேர்த்து, தண்ணீராகி அடியில் இறங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்கள் குடியேறும். அவற்றின் குப்பைதான் அந்தச் சளி. நல்ல நிலைமையில் வைத்தாலே ஆறு மாதம், அதிகம் போனால் ஒரு வருஷம்தான். பதிமூன்று வருஷமாக ஒரு ராத்திரிக்காகச் சேர்த்தவர், அந்த ராத்திரி வந்தபோது புது டீசல் நிறைந்த கேன்களுக்குப் பக்கத்திலேயே பழைய டீசல் அடைத்த ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு நின்றார்.

மூன்றரை மணிக்குப் பின்பக்கச் சாக்கடை எதிர்த்து வந்தது. தாழ்வாரம் கூடத்தைவிட ஒரு அடி பள்ளம். நிமிடங்களில் முழங்கால் அளவு தண்ணீர்.

இங்கேதான் நான் பள்ளியில் படித்தும் யோசிக்காமல் விட்ட ஒரு விஷயம் வருகிறது. டீசல் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் டீசல் 830 கிராம்தான் இருக்கும். அதனால் முழுதாக நிரப்பிய கேன்கூடத் தண்ணீரில் மிதக்கும். அரைக் கேன் கேட்கவே வேண்டாம், கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்ததுமே அது கிளம்பிவிட்டது. மிதந்து, சாய்ந்து, துவைக்கும் கல்லில் இடித்துக் கவிழ்ந்தது. கேரி பேக்கும் மூடியும் எத்தனை நேரம் தாங்கும்? பதினைந்து லிட்டருக்கு மேல் டீசல் தண்ணீர் மேல் பரவியது. தாழ்வாரத்திலிருந்து சமையல்கட்டு. பின்பக்கக் கதவிடுக்கு வழியாகச் சந்து. சந்திலிருந்து வரிசையில் அடுத்தடுத்து நாலு வீடுகள்.

அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார், வாசனையை வைத்து அல்ல. எங்களுக்குத்தான் அந்த வாசனை தெரியாதே. காலில் வழுவழுவென்று ஒட்டியதை வைத்து. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். கையில் குத்துவிளக்கு.

"ஏத்தாதீங்க! யாரும் எதையும் ஏத்தாதீங்க!"

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. இடுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த மழையில், நாலு வீட்டுக் கதவையும் தட்டித் தட்டிச் சொன்னார். மெழுகுவத்தி வேண்டாம், கேஸ் அடுப்பு வேண்டாம், கொசுவத்திச் சுருள் வேண்டாம், சாமி மாடத்து விளக்கையும் அணைத்துவிடுங்கள். ஏன் என்று கேட்டவர்களிடம், "டீசல் கொட்டிடுச்சு, எங்க வீட்டு டீசல்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லியிருக்கிறார். மூன்றாவது வீட்டில் எட்டு மாதக் குழந்தை. பால் சூடு பண்ண முடியாமல் அந்தப் பெண் அழுததைச் சொல்லும்போது மட்டும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்க்கிறார்.

விடியும்வரை இரண்டரை மணி நேரம். செல்போன் டார்ச்சுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கட்டில் மேலும் மேஜை மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டு, தெருவே கும்மிருட்டில் காத்திருந்தது.

பிறகு, தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் கேட்டேன், உண்மையிலேயே பற்றியிருக்குமா என்று. தண்ணீர் மேல் மெல்லிய படலமாகக் கிடக்கும் டீசல் சுலபத்தில் பற்றாது என்றார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், "ஆனா தண்ணில என்னென்ன மிதந்துச்சு?" என்று கேட்டார். கயிற்று மிதியடி, செய்தித்தாள், துணி, வைக்கோல் அடைத்த பழைய தலையணை. "அதெல்லாம் திரிம்மா" என்றார். எண்ணெய்த் தீயில் தண்ணீரை ஊற்றக் கூடாது, மணலோ உலர்பொடி அணைப்பானோ வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லாமே தண்ணீர்தான் இருந்தது.

இரண்டாம் தேதி ஈ.சி.ஆர் வழியாக ஊர் போய்ச் சேர்ந்தேன். ஊரில் ராணுவம் படகுகளோடு மீட்புப் பணியில் இருந்தது. தெருமுனையில் திரும்பியதுமே வாசனை முகத்தில் அடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எங்கள் வீட்டு வாசனை எனக்குத் தெரிந்தது.

தண்ணீர் வடிந்த இடத்தில் சுவரெல்லாம் ஒரே உயரத்தில் கறுப்புக் கோடு. பெரியம்மா வீட்டுத் தரைத் தொட்டிக்குள்ளும் டீசல் இறங்கியிருந்தது. தண்ணீர் மேல் மயில் நிறத்தில் படலம். குடிக்கவும் குளிக்கவும் அவர்களுக்கு அந்தத் தொட்டிதான். அதை இறைத்து வெளியே விட முடியாது. விட்டால் சாக்கடை, வாய்க்கால், கடைசியில் தேங்காய்த்திட்டுப் பக்கம் கடல். அப்பா தச்சுப்பட்டறையிலிருந்து ஐந்து மூட்டை மரத்தூள் வாங்கி வந்தார். மேலே மிதந்ததை மக்கில் மொண்டு மொண்டு மரத்தூளில் ஊற்றி, மூட்டை கட்டி, பழைய ஆயில் எடுக்கும் ஆளிடம் கெஞ்சிக் கொடுத்தார். அடியில் இருந்த தண்ணீரில் கொஞ்சம் சாக்கடைக்குத்தான் போனது, அதை மறைக்க விரும்பவில்லை. தொட்டியைச் சோப்புத்தூள் போட்டு மூன்று முறை தேய்த்தோம். வாசனை போக ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை அந்த வீட்டுக்கு அப்பாதான் கேன் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். கணக்குப் பார்த்தால், மலிவு என்று இத்தனை வருஷம் மிச்சம் பிடித்தது முழுதும் அதில் போயிருக்கும்.

பெரியம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அப்பாவுக்கு லேசாக இருந்திருக்கும். பேசவும் இல்லை. மூன்றாவது வீட்டுப் பெண் பேசினாள், அவள் பேசியதை இங்கே எழுத முடியாது, எல்லாம் நியாயமான பேச்சு.

இப்போது தாழ்வாரத்தில் கேன் கிடையாது. நூறடி ரோட்டுப் பக்கம் ஒரு நண்பரின் காலியிடத்தில், வீடுகளை விட்டுத் தள்ளி, இடுப்பளவு மேடை கட்டி, ஷீட் போட்டு, அங்கே வைத்திருக்கிறார். சங்கிலியால் கட்டி, கீழே ஒரு தகரத் தட்டு, பக்கத்தில் மணல் வாளி. கல்யாணத்துக்கு வேண்டியதை அன்றன்றைக்கு வாங்குகிறார். அவசரத்துக்கு என்று இரண்டு 20 லிட்டர் கேன் மட்டும், ரப்பர் வாஷர் வைத்த மூடியோடு. வாங்கிய தேதியை மார்க்கரில் எழுதி, நாலு மாதம் ஆனால் வண்டியில் ஊற்றித் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்புகிறார். சின்ன ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை கால் மணி நேரம் ஓட்டுகிறார். மொத்தமாக ஒழித்துவிடச் சொன்னேன். "அந்த மனுஷன் மூச்சு இழுத்தத நீ பாக்கல பாப்பா" என்றார். பார்த்தேன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருந்தேன்.

அந்த வருஷம் கார்த்திகை தீபம் டிசம்பர் 13-ம் தேதி வந்தது. வெள்ளத்துக்குப் பன்னிரண்டாவது நாள். அதற்கு முன்தினம் வரை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்ததால், தெருவில் யாருக்கும் விளக்கு வைக்கும் மனநிலை இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஒவ்வொரு வீடாக அகல் வெளியே வந்தது. நான் எங்கள் திண்ணையில் திரி போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா தன் வாசலில் ஏழு அகல்களை வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றி, தீப்பெட்டியைக் கையில் எடுத்தவர், உரசாமல் அப்படியே நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். பன்னிரண்டு நாளில் அதுதான் அவர் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு.

"ஏம்ப்பா, ஏத்தலாமா?"

அப்பா எழுந்து போய், அவர் வீட்டு வாசல் தரையில் விரலை வைத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, நீ வந்து மோந்து பாரு. எனக்குத் தெரியாது."